ஜார்ஜ் டவுன் தெருக்களில் வினோதப் பலகைகளைத் தேடிப் பார்ப்பது எப்படி

பினாங்கு ஜார்ஜ் டவுனுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், ஆர்மேனியன் தெருவில் சுவரில் தீட்டிய இரண்டு குழந்தைகள் உண்மையான சைக்கிள் ஒன்றின் மேல் அமர்ந்திருக்கும் ஓவியத்தின் முன் வரிசையில் நின்று, படம் பிடித்துக்கொண்டு, அடுத்த ஓவியத்தைத் தேடிப் போய்விடுகிறார்கள். 2012ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் தீட்டியது அது. அதற்கு முன்பே, 2009இல் மாநில அரசு நடத்திய போட்டியில் தேர்வான திட்டத்தின்படி, இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள் தெருச் சுவர்களில் பொருத்தப்படத் தொடங்கின. காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் பழகிய இடத்தை லீத் தெருப் பக்கம் ஒரு சித்திரம் காட்டுகிறது. 1867ஆம் ஆண்டுக் கலவரத்தில் பீரங்கிக் குண்டு விழுந்ததைக் கேனன் தெருவில் மற்றொன்று நினைவூட்டுகிறது. நல்ல வேலைப்பாடுகள்தாம், ஆனால் நாம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வைக்கப்பட்டவை. கையில் வரைபடம் இருந்தால் எவருக்கும் அவை கிடைத்துவிடும். யாருக்கும் காட்டுவதற்காக வைக்கப்படாத, அல்லது வேறு யாருக்கோ வைக்கப்பட்டு நம் கண்ணில் பட்டுவிடுகிற பலகைகளையும் பொருள்களையும் பற்றியது இந்த வழிகாட்டி.

முதலில், எதைத் தேடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். சிரிப்பு மூட்டும் பலகை மட்டுமே வினோதப் பலகை என்று எண்ணிக்கொண்டு கிளம்புகிறவர் எழுத்துப் பிழைகளைத் தவிர வேறொன்றையும் காண மாட்டார். ஒரு பலகையோ பொருளோ எதற்காக இந்த இடத்தில், இந்த வடிவத்தில் இருக்கிறது என்று உடனே விளங்கவில்லை என்றால், அதுவே போதுமான வினோதம். அறிவிப்புப் பலகைகளைப் பொறுத்தவரை இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எவரும் காரணமில்லாமல் பலகை எழுதி மாட்டுவதில்லை. ஏதோ ஒன்று நடந்து, பொறுத்துப் பார்த்து, பொறுக்க முடியாமல் போன பிறகே தூரிகையைக் கையில் எடுக்கிறார்கள். ஆகவே பலகை சொல்வதைப் படித்த பிறகு, அது எழுதப்படுவதற்கு முன் அங்கே என்ன நடந்திருக்கும் என்பதையும் ஊகித்துப் பார்க்க வேண்டும். இந்தத் தேடலின் சுவை பெரும்பாலும் அந்த ஊகத்தில்தான் இருக்கிறது.

எப்போது, எப்படி நடப்பது

ஜார்ஜ் டவுனில் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் தலைகாட்டும். ஏழிலிருந்து ஒன்பது வரையிலான நேரம் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. வெயில் ஏறாது என்பது மட்டும் அதற்குக் காரணமில்லை. கடைகள் மூடியிருக்கும்போது தெரியும் எழுத்துகள் வேறு, திறந்திருக்கும்போது தெரியும் எழுத்துகள் வேறு. கதவு விரிந்து மூடியிருக்கையில், அதன் மேல் முந்தைய கடைக்காரர் எழுதிவைத்த பெயரும் தொழிலும் இருக்கும். பத்து மணிக்குக் கதவு சுருட்டப்பட்டதும் அவை மறைந்து, இன்றைய கடையின் பிளாஸ்டிக் பலகை மட்டும் மிஞ்சும். எனவே பல தெருக்களை ஒருமுறை சுற்றுவதைவிட, லெபோ பாசார், குயின் தெரு, கிங் தெரு, பினாங்குத் தெரு என்று நெருங்கியிருக்கும் நான்கைந்து தெருக்களைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் நடப்பது நல்லது. 1833இல் கட்டப்பட்ட ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலின் கோபுரத்தை அடையாளமாக வைத்துக்கொண்டால் வழி தவறாது.

சாய்ந்து விழும் வெளிச்சத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. பழைய சீனக் கடைகள், அஞ்சடியின் (கடை முகப்பில் கூரைக்குக் கீழே ஓடும் நடைபாதையின்) தூண்களில் கடைப்பெயரைச் சுண்ணச் சாந்தில் புடைத்தெழும்படி வார்த்திருக்கின்றன. பின்னால் வந்தவர்கள் அவற்றின் மேல் வெள்ளையும் மஞ்சளும் நீலமுமாகப் பூசிக்கொண்டே போனதால், உச்சி வெயிலில் அந்தத் தூண் வெறும் தூணாகத்தான் தெரியும். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்போது ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் மெல்லிய நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். சுவரில் வண்ணத்தால் எழுதி மங்கிப்போன விளம்பரங்களுக்கு மழை உதவும். சுவர் நனைந்தவுடன் பழைய வண்ணம் ஏறிய பகுதிக்கும் ஏறாத பகுதிக்கும் இடையிலான வேறுபாடு கூடி, காய்ந்த சுவரில் தெரியாத எழுத்துகள் சிறிது நேரம் தெரியும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. பயணிகள் தவிர்க்கும் அந்த மாதங்கள் பழஞ்சுவர் படிக்கிறவர்களுக்கு வாய்ப்பானவை என்றே சொல்வேன்.

பார்வையை எங்கே வைப்பது என்பதும் பழக வேண்டிய ஒன்றே. கண் மட்டத்தில் இருப்பதெல்லாம் வாடிக்கையாளருக்காக வைக்கப்பட்டது, அதை விட்டுவிடலாம். முழங்காலுக்குக் கீழே பாருங்கள்: வாசற்படியின் கருங்கல், தரையில் பதித்த பூ ஓடுகள், கதவோரத்தில் சிவப்பு வண்ணம் பூசிய சீனக் காவல் தெய்வத்தின் சிறு மாடம், அதற்கு ஊதுபத்தி செருகும் தாங்கியாக மாறிய பால் டின், சாக்கடையின் மூடியில் வார்க்கப்பட்ட துறையின் சுருக்கப் பெயர். பிறகு தலைக்கு மேலே பாருங்கள்: மேல்மாடி முகப்பில் வார்த்த ஆண்டு, கொடிக்கம்பம் செருகும் வளையம், எதையும் தாங்காமல் நீட்டிக்கொண்டிருக்கும் பலகைத் தாங்கிகள். கட்டடத்தின் நெற்றியில் உள்ள ஆண்டு கட்டடத்துக்கு உரியது, கடைக்கு உரியது அன்று என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சாலையின் மேற்பரப்பையும் விட்டுவிட வேண்டாம். இந்த நகரில் 1906 முதல் 1936 வரை மின்சார டிராம் ஓடியது. தார்ச்சாலைக்கு நடுவே எதற்கும் பயன்படாத இரும்புக் கோடு ஒன்று மின்னினால், அது தண்டவாளமாக இருக்கலாம்.

பலகையின் வயதைக் கணிப்பது

தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த ஊரில் ஒரு கூடுதல் வசதி உண்டு. தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தும் வரை, ணை, லை, ளை, னை ஆகியவை மேலே வளைந்தெழும் துதிக்கைக் கொம்போடும், ணா, றா, னா ஆகியவை தனிக்கால் இல்லாமல் எழுத்தோடு சேர்ந்த சுழியோடும் எழுதப்பட்டன. கடைப் பலகையிலோ கல்வெட்டிலோ கோவில் நன்கொடைப் பட்டியலிலோ அந்த வடிவங்களைக் கண்டால், அது பழைய கை என்று கொள்ளலாம். ஆனால் பலகையும் பழையது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. பழைய எழுத்தில் பழகிய ஓவியர் சீர்திருத்தத்துக்குப் பிறகும் அப்படியே எழுதிக்கொண்டிருந்திருப்பார். மலேசியாவில் புதிய வடிவம் பரவவும் காலம் பிடித்தது.

அதனால் ஒரே அடையாளத்தை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலாய் வாசகம் இருந்தால் அதன் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். மலேசியாவும் இந்தோனேசியாவும் 1972 ஆகஸ்டில் பொதுவான எழுத்துமுறையை ஏற்றுக்கொள்வதற்கு முன், சகர ஒலியை இங்கே ‘சி’, ‘எச்’ என்ற இரண்டு உரோமன் எழுத்துகளால் எழுதினார்கள். அதன் பிறகு ‘சி’ மட்டுமே போதுமானதாயிற்று. அறிவிப்பு வாசகத்தில் அந்த ‘எச்’ இருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தியது. தெருப் பெயர்களிலும் ஆட்பெயர்களிலும் கச்சாங் போன்ற தின்பண்டப் பெயர்களிலும் பழைய கூட்டல் இன்றும் தொடர்வதால், அவற்றைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. தொலைபேசி எண்ணும் உதவும். இன்று பினாங்கில் தரைவழி எண்ணுக்கு ஏழு இலக்கங்கள். ஐந்தோ ஆறோ இலக்கங்களோடு நின்றுவிடும் எண், அழைத்தால் எவரும் எடுக்காத காலத்தைச் சேர்ந்தது. விலை எழுதியிருந்தால் டாலர் குறியா, ரிங்கிட்டின் சுருக்கமா என்று பாருங்கள். நீரிணைக் குடியேற்றங்கள் என்ற, பினாங்கும் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பிரிவு 1826இல் தொடங்கி 1946இல் கலைக்கப்பட்டது. இரும்புப் பெட்டியிலோ தராசிலோ அந்தப் பெயர் பொறிக்கப்பட்டிருந்தால், அது எந்த ஆண்டுக்குப் பிந்தியதாக இருக்க முடியாது என்பது உறுதியாகிவிடும். பினாங்குத் தெருவில் செட்டியார் கிட்டங்கிகள், அதாவது வட்டித் தொழில் நடந்த இடங்கள், இயங்கிய வீடுகளின் பக்கம் போனால், இரும்புப் பெட்டியின் கதவில் தயாரித்தவரின் பித்தளைத் தகடு இருக்கிறதா என்று, உரிமையாளர் அனுமதித்தால், குனிந்து பாருங்கள்.

மொழிகளின் அடுக்கும் காலத்தைச் சொல்லும். கடைப் பலகையில் மலாய் மொழி முதன்மையாகவும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது ஊராட்சி மன்றங்களின் விதி. ஆகவே சீன எழுத்தோ ஆங்கிலமோ முகப்பை அடைத்துக்கொண்டு, மலாய் அறவே இல்லாமலோ ஓரத்தில் சிறிதாகவோ இருந்தால், அது விதிக்கு முந்தையதாகவோ விதியின் கண்ணில் படாததாகவோ இருக்கும். மலாய்க்காரர் அல்லாதவரின் கடைப் பலகையில்கூட ஜாவி எழுத்து (மலாயை எழுதும் அரபு வழி எழுத்து) ஒரு வரி இருப்பதைக் கண்டால் சற்று நில்லுங்கள்; உரோமன் எழுத்து பரவலாவதற்கு முன், மலாய் பேசும் வாடிக்கையாளருக்குக் கடைக்காரர்கள் ஜாவியில்தான் எழுதினார்கள். மூங்கில் தட்டிகளையும் பாருங்கள். அஞ்சடியில் வெயிலுக்குத் தொங்கவிடும் சுருட்டுத் தட்டிகளில் கடைப்பெயரைத் தீட்டும் வழக்கம் இங்கே நெடுங்காலமாக உண்டு. குச்சிகள் உடைந்து, இடையிடையே புதிய குச்சி கோத்த தட்டியில், பெயரின் நடுவில் வண்ணமற்ற கோடுகள் ஓடும். வேறு கடையிலிருந்து வாங்கிய தட்டியைத் திருப்பி மாட்டியிருந்தால், பின்பக்கத்தில் மற்றொரு கடையின் பெயர் தலைகீழாக நிற்கும்.

தடுக்கும் பலகைகள்

குப்பை போடாதே, வண்டி நிறுத்தாதே, சிறுநீர் கழிக்காதே: பின்சந்துகளின் இலக்கியம் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கும். ஆனால் ஒவ்வொன்றும் எவ்வளவு கோபத்தோடு எழுதப்பட்டிருக்கிறது என்பது வேறுபடும். முதல் பலகை அச்சடித்து வாங்கியதாக, பணிவாக இருக்கும். அதன் கீழே கையால் எழுதிய இரண்டாவது பலகையில் அபராதம் வரும். மூன்றாவதில் கண்காணிப்புக் கேமராவின் படம் வரும். மேலே அண்ணாந்து பார்த்தால் பெரும்பாலும் கேமரா இருக்காது. இப்படி அடுக்கடுக்காக மாட்டிய பலகைகளைக் கண்டால் எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் படம் எடுங்கள்; தனித்தனியாக எடுத்தால் வழக்கின் வரிசை போய்விடும். பல மொழிகளில் எழுதியிருந்தால், எந்த மொழியில் வாசகம் நீளமாக இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதியவரின் ஐயம் யார் மேல் என்பது அதில் தெரிந்துவிடும்.

சொல்லே இல்லாத பலகைகளும் உண்டு. வீட்டு வாசலில் வேறு எவரும் காரை நிறுத்திவிடாமல் இருக்க இங்குள்ளவர்கள் வைக்கும் பொருள்கள் அவை. பழைய வண்ண டின் ஒன்றில் சிமெண்டைக் கொட்டி, அது இறுகுவதற்கு முன் நடுவில் பிளாஸ்டிக் குழாயை நட்டு, குழாயின் தலையில் சிவப்பு நாடாவைச் சுற்றியிருப்பார்கள். டின்னின் வாயிலிருந்து வழிந்த சிமெண்ட் வெளிப்பக்கம் காய்ந்திருக்கும். அடியில் இழுத்து இழுத்துத் தேய்ந்த விளிம்பு பளபளக்கும். காரை எடுக்கும்போதும் விடும்போதும் டின் எந்தப் பாதையில் இழுபடுகிறது என்பதைத் தரையில் உள்ள வெள்ளைக் கீறல்கள் காட்டிக்கொடுக்கும். சிலர் பூந்தொட்டி வைப்பார்கள், சிலர் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, சிலர் டயர். பொதுச் சாலையில் இப்படிச் செய்ய எவருக்கும் உரிமை இல்லை என்பது டின் வைத்தவருக்கும் தெரியும், அதை நகர்த்தாமல் போகிற அண்டை வீட்டாருக்கும் தெரியும். பயணிகளுக்கு என் அறிவுரை, நகர்த்தாதீர்கள் என்பதே.

ஒரு பலகையை மட்டும் சேகரிக்க ஆசைப்பட வேண்டாம். துப்பாக்கி ஏந்திய படைவீரரும், கைகளைத் தூக்கியபடி நிற்கும் ஓர் ஆளும் வரையப்பட்டு, மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் எல்லாம் சேர்ந்து எச்சரிக்கும் பலகை அது. தமிழ் எழுத்துகளைக் கண்டதும் கைப்பேசியை எடுக்கத் தோன்றும். ஆனால் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட இடங்களைக் குறிப்பது அது. படப் பிடிப்பு அங்கே விளையாட்டாகக் கொள்ளப்படாது. படித்துவிட்டு நடையைக் கட்டுவதே நல்லது.

உடைந்த தமிழ்ப் பலகைகள்

மலேசியாவில் தமிழர்கள் ஒருவருக்கொருவர் அதிகமாக அனுப்பிக்கொள்ளும் படங்கள், தமிழ் சிதைந்த அறிவிப்புப் பலகைகளின் படங்கள்தாம். கோபப்பட்டு அனுப்புகிறார்கள், சிரித்து அனுப்புகிறார்கள். எது எப்படிச் சிதைந்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. சிதைவில் வகைகள் உண்டு. அவற்றைப் பிரித்தறியப் பழகினால், பலகை எந்த மேசையில் கெட்டது என்பதைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் வகை, எழுத்துகள் எல்லாம் அழகாக இருந்தும் இடம் மாறி நிற்பது. ‘செல்லவும்’ என்ற சொல்லில் சகரத்துக்கு முன்னால் வர வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய், அடுத்து வரும் லகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். படிக்கிறவர் ‘ச’ என்று தொடங்கித் தடுமாறுவார். யூனிகோட் முறையில் கொம்பு, மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது; அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாத வடிவமைப்பு மென்பொருளில் வாசகத்தை ஒட்டினால், சேமித்த வரிசையிலேயே எழுத்துகள் நின்றுவிடும். சில நேரங்களில் கொம்பின் பக்கத்தில் புள்ளிகளாலான ஒரு சிறு வட்டமும் அச்சாகியிருக்கும். மொழிபெயர்த்தவர் சரியாகவே எழுதிக்கொடுத்திருக்கிறார், அச்சகத்தில் கெட்டது என்பதற்கு அந்த வட்டமே சாட்சி.

இரண்டாம் வகை, தமிழ் இருக்க வேண்டிய வரியில் உரோமன் எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடப்பது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் உரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பு போனால் வடிவம் கழன்று, அடியில் உள்ளது வெளியே வந்துவிடும். இதுவும் மொழிபெயர்த்தவரின் குற்றம் அன்று. மூன்றாம் வகையில் ஒவ்வொரு சொல்லும் தமிழ், ஒவ்வொரு எழுத்தும் சரி, ஆனால் வாக்கியத்துக்குப் பொருள் இல்லை. இயந்திர மொழிபெயர்ப்பை எவரும் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியதன் விளைவு அது. பல ஊராட்சி மன்றங்கள் பலகையின் மலாய் வாசகத்தை அரசின் மொழி நிறுவனமான டேவான் பகாசா டான் புஸ்தாக்காவின் ஒப்புதலோடு கொண்டுவரச் சொல்கின்றன. தமிழ் வரிக்கு அப்படிப்பட்ட காவல் இல்லை. கோபப்பட வேண்டியது இந்த மூன்றாம் வகைக்குத்தான்.

கையால் எழுதிய பலகைகளில் வேறொரு சிதைவைக் காணலாம். தமிழ் அறியாத ஓவியர், தாளில் கொடுத்த எழுத்தை ஓவியமாகவே பார்த்து வரைந்திருப்பார். நகரமும் தகரமும் ஒன்றாகிவிடும், புள்ளிகள் அலங்காரமாகி வட்டங்களாகும், பலகையின் விளிம்பு வந்த இடத்தில் சொல் உடையும். ஆனால் கோடுகளில் நடுக்கம் இருக்காது; சீன எழுத்து எழுதிப் பழகிய கை சில இடங்களில் தூரிகையை அழுத்தித் தொடங்கி மெலிதாக முடித்திருப்பதுகூடத் தெரியும். இவற்றைப் பிழைப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வருவதில்லை. இன்று நெகிழித் தாளில் வெட்டி ஒட்டும் எழுத்துகளுக்கு நடுவில் இப்படிப்பட்ட பலகை அரிதாகி வருகிறது. கண்டால் முழுப் பலகையையும், பிறகு ஒவ்வொரு எழுத்தையும் நெருங்கிப் படம் எடுத்துவையுங்கள்.

தொடக் கூடாத பொருள்கள்

தெருவில் கிடப்பதெல்லாம் எவரோ தவறவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. முச்சந்தியில் குங்குமம் தடவி உடைத்த பூசணிக்காயைத் தாண்டக் கூடாது என்று நம் வீட்டில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்; சீனர்களுக்கும் அதே போன்ற விலக்குகள் உண்டு. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில், பெரும்பாலும் ஆகஸ்டு, செப்டம்பரில், சாலையோரத்தில் மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, சோறு, எரித்த காகிதச் சாம்பல் எல்லாம் இருக்கும். பசித்த ஆவிகளுக்குப் படைத்தவை அவை. சுற்றிக்கொண்டு நடந்து, தள்ளி நின்று பார்க்கலாம்.

மரத்தடிகள் தனிக் கவனத்துக்கு உரியவை. சிவப்போ மஞ்சளோ பூசிய சிறு மாடத்துக்குள் தொப்பி அணிந்த மலாய் முதியவரின் உருவம் இருந்தால், அது டத்தோ கோங். சீனர்கள் வழிபடும் நிலத்துக் காவலர். வெற்றிலையும் சுருட்டும் படைப்பார்கள், பன்றி இறைச்சி படைக்க மாட்டார்கள். அதே மரத்தின் மறுபக்கத்தில் வேல் நட்ட முனீஸ்வரர் இருப்பதும் இந்நாட்டில் புதுமையில்லை. வேர்களுக்கு இடையில், வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமலும் குப்பையில் போட மனம் வராமலும் கொண்டுவந்து விட்ட சாமிப் படங்கள் இருக்கும். கண்ணாடி விரிசல் விட்ட இலட்சுமி படத்தின் பக்கத்தில் சீனர்கள் வணங்கும் குவான் யின் தேவியின் கை உடைந்த சிலை நிற்கும். மரப்பட்டையின் ஓரிடத்தில் மட்டும் முகப்பவுடர் பூசித் தேய்த்திருந்தால், அது பூசை அன்று. நான்கு இலக்கப் பரிசுச் சீட்டுக்கு எண் தெரிகிறதா என்று எவரோ தேடிப் பார்த்த தடம். கவிழ்ந்த வண்டியின் பதிவெண்ணைக்கூட எழுதிக்கொண்டு போய்ச் சீட்டு வாங்கும் ஊரில் இதற்கு வியப்படைய வேண்டியதில்லை. கோர்ன்வாலிஸ் கோட்டையில் 1603இல் வார்க்கப்பட்ட டச்சு பீரங்கியான ஸ்ரீ ரம்பாயின் வாயில் பூ செருகப்பட்டிருந்தாலும் எடுத்துவிடாதீர்கள்; பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் வைக்கும் பூ அது.

கேட்பதும் குறிப்பதும்

ஊகித்தது சரியா என்று அறிய ஒரே வழி கேட்பதுதான். கடையில் ஏதேனும் வாங்கிய பிறகு, அல்லது ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகு கேட்பது மரியாதை. “அண்ணே, மேல இருக்கிற அந்தப் பழைய பலகை யார் காலத்துல வச்சது?” என்று தொடங்கினால் போதும், “எங்க அத்தா காலத்துல” என்று வரும் பதிலுக்குப் பின்னால் அரை மணி நேரக் கதை இருக்கும். சீன முதியவரை அங்கிள் என்றும் ஆண்டி என்றும், மலாய்க்கார முதியவரைப் பாக்சிக் என்றும் மாக்சிக் என்றும் அழைப்பது இங்குள்ள வழக்கம். பலகையில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்டிப் பேச்சைத் தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கடலோரச் சாலையான வெல்ட் கீயில், சீனக் குலத்தார் நீரின் மேல் மேடை கட்டி வாழும் வீடுகளில், உள்ளே படம் எடுக்க வேண்டாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையைப் படம் எடுக்கலாம், அதன் பின்னால் உள்ள வீட்டை எடுக்கக் கூடாது.

படம் எடுக்கும்போது மூன்று தொலைவுகளில் எடுங்கள்: எதிர்ப்பக்கத்திலிருந்து கட்டடம் முழுவதும் தெரிய ஒன்று, பலகை மட்டும் ஒன்று, எழுத்தோ ஆணியோ விரிசலோ தெரிய நெருக்கத்தில் ஒன்று. முதல் படத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பின்னாளில் பலகை எங்கே இருந்தது, எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்பதைச் சொல்லும் படம் அது ஒன்றே. நெருக்கப் படத்தில் அளவு தெரிய ஐம்பது காசு நாணயம் ஒன்றை அருகில் வைக்கலாம். தெருப் பெயர், எந்தப் பக்கம், எந்த இரு கடைகளுக்கு நடுவில், பலகை மரமா தகரமா, கேட்டால் என்ன சொன்னார்கள் என்பதை அன்றிரவே எழுதிவிடுங்கள். பிறருக்கு அனுப்பும் படத்தில் தனியாரின் கைப்பேசி எண்ணோ வண்டி எண்ணோ இருந்தால் மறைத்துவிடுங்கள். மின்கம்பத்தில் ஒட்டிய வட்டிக் கடன் விளம்பரமானால் கட்டாயம் மறையுங்கள், நாம் இலவசமாக அதைப் பரப்ப வேண்டியதில்லை.

வாங்குவதானால்

தெருவில் கண்டதை எடுத்துக்கொண்டு போவது பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: கட்டடத்தைச் சேர்ந்த எதையும், உடைந்து விழுந்த பூ ஓட்டின் துண்டானாலும், எடுக்கக் கூடாது. ஜார்ஜ் டவுன் 2008 ஜூலையில் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற நகரம். மரபுப் பொருளைக் கண்டெடுப்பவர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டமும் சொல்கிறது. கைக்கு ஏதேனும் வேண்டுமென்றால் மாநகர் அரங்கத்தை ஒட்டிய லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குக் காலையிலேயே போகலாம்; நண்பகலுக்குள் விரிப்புகளைச் சுருட்டிவிடுவார்கள். நாணயம், கடிகாரம், சாவி, மாஜோங் என்ற சீன ஆட்டத்தின் காய், பழைய தராசுத் தட்டு, பீங்கான் பூச்சுத் தகரப் பலகை எல்லாம் தரையில் பரப்பிக் கிடக்கும்.

அந்தத் தகரப் பலகைகளில் போலி மிகுதி. உண்மையான பீங்கான் பூச்சு என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைச் சூளையில் உருக்கிப் படியவைப்பது. நிறத்துக்கு ஒரு படலமாக ஏற்றுவதால், கண்ணை மூடி விரலால் தடவினால் எழுத்தின் ஓரம் மெல்லிய மேடாகத் தட்டுப்படும். திருகாணி இறுகிய துளையைச் சுற்றிக் கண்ணாடி தெறித்து, இரும்பு கறுத்திருக்கும். அண்மையில் அச்சடித்த போலியில் எழுத்தும் பின்புலமும் ஒரே மட்டம். கைப்பேசிக் கேமராவைப் பெருக்கிப் பார்த்தால் அச்சுப் புள்ளிகள் தெரியும். துரு, துளையைச் சுற்றி இல்லாமல் தகடு முழுவதும் சமமாகத் தெளித்ததுபோல் இருக்கும். தெருப் பெயர்த் தகடு விற்பனைக்கு வந்தால், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். அதன் பின்பக்கத்தில் புதிய சிமெண்ட் ஒட்டியிருந்தால், பெயரைப் படித்துவிட்டு அந்தத் தெருவுக்கே போய்ச் சுவரைப் பாருங்கள். தகடு இருந்த இடம் காலியாக இருந்தால் மாநகர் மன்றத்துக்குத் தகவல் கொடுங்கள்.